நிரம்பிய அரங்கில் ஒரே ஒருத்தி

1

விசுவாசத்தின் விலை முப்பத்தைந்து யுவான். மொத்தமாக எடுத்தால் இருபத்தெட்டு. கம்யூனிஸ்ட் கட்சியின் நூறாம் ஆண்டுக்காக எடுத்த படத்துக்கு, சீனாவின் யாங்சி ஆற்றங்கரையிலுள்ள எங்கள் ஊர் அலுவலகங்கள் அந்த விலையில்தான் அரங்கம் அரங்கமாக டிக்கெட் வாங்கின. வாங்கியவர்கள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. எனக்குக் கதை கிடைத்தது அங்கேதான்: எல்லா இருக்கையும் விற்றுப்போய், ஈ காக்கை இல்லாமல் கிடந்த அரங்கம்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'செங்கொடிகள் படபடக்க, மக்கள் வெள்ளம் திரண்டு…'

வேண்டாம். அதைத் தொலைக்காட்சி எழுதிக்கொள்ளும்.

2

தியேட்டர் மேனேஜர் ஷாவ் லிப்பிங் கவுண்டரில் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தாள். சந்தையில் மீன் விற்கும் கெங் யூலான் வந்து நின்றாள்.

"ஒரு டிக்கெட் குடுங்க மேனேஜரம்மா."

"எல்லாம் வித்துப்போச்சு அக்கா."

"உள்ள ஒருத்தரும் இல்லியே!"

"இல்லதான். ஆனா வித்துப்போச்சு."

"மீனை வித்தா என் கூடை காலியாகும், சரி. சீட்டை வித்தா தியேட்டர் காலியாகுமா?"

லிப்பிங் விதையை மென்றாள்.

"என் மவன் இந்தப் படத்துல இருக்காம்மா. கூட்டத்துல ஒருத்தன். ரெண்டு புத்தாண்டா வீட்டுக்கு வரல. மெலிஞ்சிருக்கானான்னு பாத்துட்டுப் போயிடறேன்."

(முதல் வரைவில் லிப்பிங்கைக் கல்நெஞ்சக்காரியாக்கியிருந்தேன். அந்த வேடம் அவளுக்கு ஒட்டவில்லை.)

"போங்க. எங்க வேணா உக்காருங்க."

3

பாதிப் படத்தில் மாகாணத் தொலைக்காட்சி நிருபர் கேமராக்காரனோடு நுழைந்தார். 'மக்களின் கண்ணீர்' எடுக்க வந்தவருக்குக் கிடைத்தது ஒரே ஒரு தலை.

"முகத்தை மட்டும் எடுடா. பின்னாடி யாரு எண்ணப் போறா?"

திரையில் புரட்சிப்படை ஆற்றைக் கடந்தது. எதிரிப் படையில் ஒரு சிப்பாய் திரும்பிப் பார்த்தான்; குண்டு பாய்ந்து விழுந்தான்.*

"ஐயோ, கன்னம் ஒட்டிப்போச்சே!" யூலான் கதறினாள்.

நிருபர் பூரித்தார். "தியாகிகளுக்காக அழறீங்களாம்மா?"

"அந்தக் கரையில விழுந்தானே, அவனுக்குத்தான்."

"அவன் எதிரிம்மா!"

"இருந்துட்டுப் போறான். எதிரின்னா சோறு போட மாட்டாங்களா?"

* துணை நடிகர்கள் எந்த உடுப்பைப் போடுவது என்பதை உடுப்பின் அளவு முடிவு செய்கிறது. வரலாறு அல்ல.

4

மாலைச் செய்தியில் அவள் பேச்சை எடுத்துவிட்டு, கண்ணீரை மட்டும் நாயகன் சாகும் காட்சியோடு ஒட்டிவிட்டார்கள். நேர்த்தியான வேலை, குறை சொல்ல முடியாது.

இனி முடிவு. (அ) படப்பிடிப்பு விடுதியில் மகன் அந்தச் செய்தியைப் பார்க்கிறான். அம்மாவின் முகம் அவனுக்குத் தெரியாதா? பையைக் கட்டுகிறான். (ஆ) பார்க்கிறான், 'அம்மாவே கட்சிக்காக அழுகிறாளே' என்று பூரித்து, அடுத்த படத்தில் சாகப் பெயர் கொடுக்கிறான். (இ) அவன் பார்க்கவேயில்லை, ஏனென்றால்…

மூன்றுக்கும் நான் பொறுப்பில்லை. பிடித்ததை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். என் பக்கத்துக் கணக்கு இவ்வளவுதான்:

அழுதவர்: ஒருத்தி.
கண்ணீர் வரவு: தியாகிகள் பெயரில்.
மகன் பெயரில்: நிலுவை.