கல்லறைத் திருநாளன்று வந்த டீச்சர் கார்

…அதெப்படி ஒரே வண்டிக்கு இத்தனை வியாதி ஒரே நாளில் வரும், என்ஜின் விளக்கு எரிகிறது, பிரேக் விளக்கு எரிகிறது, ஏர்பேக், ஸ்டியரிங் என்று வரிசைகட்டி எரிகிறது, ஹாரன் அடித்தால் ஹெட்லைட் மங்குகிறது, ஸ்கேனரைச் சொருகினால் எரர் கோடு ஒன்றன்மேல் ஒன்றாகக் கொட்டுகிறது… எல்லாவற்றுக்கும் மூலம் ஒன்றுதான் என்று ரெமிஜியஸுக்குக் காலையிலேயே தெரியும், பழைய வண்டியா, முதலில் எர்த்தைப் பார், பேட்டரியிலிருந்து பாடிக்குப் போகிற அந்த ஒரு வயர் அரித்துப்போனால் நல்ல சென்சாரும் பொய் சொல்லும், லிங்கராஜபுரத்தில் கார் வயரிங் வேலை பார்க்கிற எவனும் இதைச் சொல்லுவான். பிறகு எதற்கு மத்தியானத்திலிருந்து ஒவ்வொரு சென்சாராகக் கழற்றித் துடைத்துக்கொண்டிருக்கிறார்? வேறு யாராவது இப்படிச் செய்தால், ஏன்யா தலையைச் சுற்றி மூக்கைத் தொடுற என்று கத்துகிற மனுஷன்! “இன்னும் சொல்ப நேரம் ஆகுமாண்ணா?” என்றார் வண்டிக்குச் சொந்தக்காரரான பிரிஸில்லா டீச்சர், நாற்காலியில் உட்கார்ந்தபடியே. “ஆகும் டீச்சர், எரர் கோடு நெறைய காட்டுது.”

பொய்யில்லை, காட்டத்தான் செய்கிறது… “நாலு மணிக்குச் சாமியார் கல்லறை மந்திரிக்க வராரு, இந்த வருஷமாச்சும் வாங்க,” என்று மனைவி ஜூடித் காலையில் சாமந்திப் பூவைப் பையில் வைத்துக்கொண்டே சொன்னாள், அவர் முகத்தைப் பார்க்காமல். மகன் க்ளென் செத்துப்போன வருஷம் ஒரு ஸ்டார்ட்டர் மோட்டார், அதற்கடுத்த கல்லறைத் திருநாளுக்கு ஒரு ஆல்டர்னேட்டர், இப்போது டீச்சர் கார், என்ன ராசியோ, நவம்பர் ரெண்டு வந்தால் போதும், ஊரில் உள்ள வண்டியெல்லாம் இவர் வாசலில்தான் வந்து படுக்கிறது. அவன் பேரைக் கல்லறைக் கல்லில் வெட்டியிருக்கிறார்களாம், பார்த்ததில்லை, பார்க்க முடியாது ஆண்டவரே, பெற்றவனால் முடியாது. ஆஸ்பத்திரியிலும் இப்படித்தான், டெங்கு என்று சேர்த்தார்கள், இன்றைக்கு ரத்தத்தில் தட்டணு குறைந்தது, நாளைக்கு ஈரல், அப்புறம் கிட்னி, ஒவ்வொன்றுக்கும் ஒரு டாக்டர்… எல்லா விளக்கும் எரிந்தது, மூலத்தைப் பிடிங்க சார் என்று எத்தனை பேரிடம் கெஞ்சினார், அங்கே ஸ்பேனர் பிடிக்க இவரை யார் விட்டார்கள்?

துடைக்க இனி எதுவும் மிச்சமில்லை. பேட்டரியைத் தூக்கினார், அடியில் எர்த் போல்ட்டைச் சுற்றிப் பச்சையாகப் பூத்துக் கிடந்தது, உப்புத்தாளால் தேய்த்து, முறுக்கி, பேட்டரியைத் திரும்ப மாட்டி, சாவியைத் திருப்பினார்… ஒரு விளக்கும் இல்லை, அத்தனையும் அணைந்துவிட்டது, இவ்வளவுதானா, என்ஜின் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து போன்.

“என்னங்க, கல்லறை கேட்டாண்ட நிக்கிறேன், சாமியார் வந்துட்டாரு.”

“வண்டி இன்னும் முடியல ஜூடித்.”

போனில் அவளுக்குப் பின்னால் ஜெபமாலை சொல்லும் குரல்கள்… எத்தனை வருஷம் ஷெட்டுக்குச் சாப்பாடு கொண்டுவந்தவள், அவளுக்கா தெரியாது? “அதான் சத்தம் கேக்குதே,” என்றாள், “நல்லாத்தானே ஓடுது.” திட்டுவாள், அழுவாள் என்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டு காத்திருந்தார், திட்டினால் நன்றாக இருக்கும், திட்டிவிடேன் ஜூடித். “சரி, நீங்க வேலைய பாருங்க. எனக்குப் பழகிடுச்சு.”

பழகிவிட்டதா… எது, க்ளென் இல்லாததா, இவர் இல்லாததா? மகன் பேர் வெட்டிய அந்தக் கல்லைப் பார்க்கத்தான் பயம் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தாரே. “முடிஞ்சிடுச்சாண்ணா?” என்று டீச்சர் எழுந்து வந்தார், ரெமிஜியஸ் சாவியில் வைத்த கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார்.