சத்திரம் என்று பேர் வைத்தவர்

சேக் முகைதீன் பன் சுடுகிறவர். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் சின்னதாக ஒரு பேக்கரி வைத்திருந்தார். இளவயதில் பதினொரு வருஷம் கேரளத்து மலப்புறத்தில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியபோது இரண்டு விஷயங்களைக் கையோடு கொண்டுவந்திருந்தார். ஒன்று, விறகடுப்பில் பன் சுடும் பக்குவம். மற்றது, கால்பந்துப் பித்து. முதலாவது அவருக்குச் சோறு போட்டது. இரண்டாவது, சோழமண்டலம் அணி தோற்ற நாட்களில், அந்தச் சோற்றைத் தொண்டையில் இறங்கவிடாமல் செய்தது.

சோழமண்டலம் என்பது சென்னையில் ஆடும் தொழில்முறை அணி. இந்த சீசனின் முதல் ஒன்பது ஆட்டங்களில் ஒன்றே ஒன்றில்தான் ஜெயித்திருந்தது. ராஜபாளையத்து ரசிகர்கள் நடத்தும் வாட்ஸப் குழுவில், ஒவ்வோர் ஆட்டமும் முடிந்த கையோடு சேக் முகைதீன் ஏழு நிமிஷம் பேசி அனுப்புவார். எண்ணூறு பேர் கேட்டார்கள். விஷயம் தெரிந்தவர்; சிரிக்கவும் வைப்பார். ஐந்தாவது தோல்வியன்று அவர் வாயிலிருந்து ஒரு பட்டப்பெயர் விழுந்தது.

"நம்ம லெஃப்ட் பேக் மாரிசெல்வம் இருக்காம்லா, அவன் காக்குற பக்கம் சத்திரம் மாதிரி. எவன் வேணாலும் வரலாம், செத்த நேரம் படுத்து எந்திரிச்சும் போகலாம். கேக்க ஆளில்ல."

குழுவே விழுந்து விழுந்து சிரித்தது. மறுவாரம் சென்னை மைதானத்திலேயே 'சத்திரம், சத்திரம்' என்று கத்தினார்களாம். மாரிசெல்வம் பக்கத்திலிருக்கும் சுந்தரபாண்டியத்துக்காரன் என்று சேக் முகைதீனுக்குத் தெரியும். நம்ம பக்கத்துப் பையன் என்பதால்தான் கோபமும் ஒரு பிடி கூடுதலாக வந்தது. ஆனாலும் தன் வாயில் பிறந்த சொல் ஐநூறு கிலோமீட்டர் போய்விட்டதே என்பதில் அவருக்கு அன்றைக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

பொங்கல் கழிந்து அணி மெல்லத் தேறியது. சேக் முகைதீன் இதைக் கோல் கணக்கில் பார்க்கவில்லை. வேறு அடையாளங்களில் பார்த்தார். முன்பெல்லாம் பந்து கிடைத்ததும் காலில் நெருப்புப் பட்டதுபோல உதைத்துத் தள்ளுவார்கள். இப்போது கோல்கீப்பர் பந்தைத் தரையில் உருட்டிவிடுகிறார். வாங்குகிறவன் ஒரு தரம் நிமிர்ந்து பார்க்கிறான். ஒருத்தன் பந்தைப் பறிகொடுத்தால் முன்பு மற்றவர்கள் கையை விரிப்பார்கள். இப்போது பக்கத்திலிருப்பவன் ஓடுகிறான். நாலு ஆட்டம் தோல்வி இல்லை. மாரிசெல்வத்தை நடுவில் இரண்டு ஆட்டங்கள் உட்காரவைத்துவிட்டு மறுபடி இறக்கியிருந்தார்கள். அவன் இப்போது தன் இடத்தைவிட்டு நகர்வதே இல்லை.

"சத்திரத்துக்குப் பூட்டுப் போட்டாச்சு. நம்ம சொன்னது காதுல ஏறியிருக்கு" என்று சேக் முகைதீன் குழுவில் சொன்னார்.

அது நோன்பு மாதம். புதன்கிழமை சாயங்காலம், பன் வாங்கும் கூட்டம் சற்று ஓய்ந்த நேரத்தில், இருளம்மாள் கல்லாவுக்கு முன்னால் வந்து நின்றாள். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி செய்யும் கம்பெனியில் வேலை பார்ப்பவள். தினமும் இங்கே இறங்கி அடுத்த பஸ் மாறுவாள். மாறும்போது சில நாள் நாலு பன் வாங்குவாள். மற்றபடி பேச்சு வைத்துக்கொண்டதில்லை.

"பாய், நீங்க பந்தாட்டம் பாப்பியளாமே. கேஸ் சிலிண்டர் கொண்டாரவுக சொன்னாவ."

"பாப்பேன்க்கா. எதுக்கு?"

"எம்மவன் சோழமண்டலத்துல ஆடுதான். மாரிசெல்வம்."

சேக் முகைதீன் பன் சுற்ற எடுத்த காகிதத்தை அப்படியே வைத்தார்.

"எனக்கு ஒண்ணும் வெளங்காது பாய். அவன் சின்னதா டிவில ஓடுதது தெரியும், அம்புட்டுத்தான். ஆட்டம் வேண்டாம், வந்துருதேங்கான். ராஜபாளையத்துல ஒரு மில்லுல எடம் இருக்கு. திங்கக்கெழம வந்தா சேத்துக்கிடுதம்னு சூப்பர்வைசர் சொல்லிருக்காரு. பத்து வயசுலேருந்து அதே பந்தோட கெடந்த பய. வான்னு சொல்லவா, அங்கனயே இருன்னு சொல்லவா? வெவரம் தெரிஞ்சவுக ஒருத்தர்கிட்ட கேப்பம்னு வந்தேன். அவன் நல்லா ஆடுதானா, இல்லியா? மெய்யச் சொல்லுங்க."

எண்ணூறு பேருக்கு ஏழு நிமிஷம் தடங்கலில்லாமல் பேசுகிறவர் அந்த ஒருத்தியிடம், "பாத்துச் சொல்லுதேன்க்கா" என்றார். பன்னுக்கு மேல் இரண்டு ரஸ்க்கும் வைத்துக் கட்டினார். அவள் வேண்டாமென்று இரண்டையும் எடுத்துத் திரும்ப வைத்துவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆப் பிரசங்கத்தில் பள்ளிவாசல் ஹஜ்ரத் புறம் பேசுவதைப் பற்றிச் சொன்னார். ஒருவன் முதுகுக்குப் பின்னால் பேசிவிட்டு நோன்பு வைத்தால், அது வெறும் பட்டினியாகப் போய்விடும் என்றார். சேக் முகைதீன் தூணுக்குப் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தார். ஆனாலும் மனசு வழக்காடியது: நான் சொன்னது பொய்யில்லையே, ஒன்பது ஆட்டத்தில் ஏழு கோல் அந்தப் பக்கமாகத்தானே விழுந்தது?

சனிக்கிழமை மத்தியானம் அதற்கும் பதில் வந்தது.

பேக்கரியில் அடுப்பு வேலை இரண்டு பேர் வேலை. கடைப் பையன் கௌதம்ராஜ் நீளக்கம்புத் துடுப்பில் தட்டுகளை ஒவ்வொன்றாக அடுப்புக்குள் தள்ளுவான். கடைசித் தட்டு போய்த் துடுப்பு வெளியே வந்ததும் பக்கத்தில் நிற்பவர் இரும்புக் கதவைச் சட்டென்று இறக்க வேண்டும். தாமதித்தால் சூடு வெளியேறிப் பன் வெளுத்துப் போகும். அன்றைக்குக் கதவுக்கு நின்றவர் சேக் முகைதீன். இருளம்மாளுக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்று, இடது கையில் போனை வைத்துப் போன ஆட்டத்தைத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தார். அரை மணி கழித்துத் தட்டுகள் வெளியே வந்தபோது அறுபது பன்னும் காய்ச்சல்காரன் முகம்போல இருந்தன.

"என்னலே இது? கதவத் தொறந்து போட்டுட்டு என்ன பாத்துக்கிட்டிருந்த?"

கௌதம்ராஜ் துடுப்பைச் சுவரில் சாய்த்தான். "பாய், என் ரெண்டு கையும் துடுப்புல இருக்கு. நான் உள்ள தள்ளுதவன். கதவு ஒங்க வேல. நீங்க சென்னையில இருந்தீக."

சேக் முகைதீன் திட்ட வாயெடுத்தவர் அப்படியே நின்றார். பிறகு மெதுவாகப் போய் மாவு மூட்டைமேல் உட்கார்ந்து, போனைத் திறந்து, அதே ஆட்டத்தை முதலிலிருந்து பார்த்தார். இந்தத் தடவை அவர் பந்தைப் பார்க்கவில்லை. வலது பக்கப் பின்கள ஆட்டக்காரன் பந்தோடு மேலே ஏறுகிறான். அவன் விட்டுப்போன இடத்துக்கு, நடுக்களத்திலிருந்து ஆறாம் நம்பர் சட்டைக்காரன் ஒருத்தன் சத்தமில்லாமல் வந்து நிற்கிறான். தோம்பா என்ற மணிப்பூர்ப் பையன். பொங்கலுக்குப் பிறகு அணிக்கு வந்தவன். ஏறியவன் திரும்பி வரும்வரை நிற்கிறான். வந்ததும் தன் இடத்துக்குப் போய்விடுகிறான். ஆட்டம் முழுக்க அவனுக்கு அதே வேலை. அணி தேறியது இதனால்தான்.

இப்போது பழைய ஆட்டங்களை எடுத்துப் பார்த்தார். அப்போது ஆறாம் நம்பரில் வேறொருவர் இருந்தார். மாரிசெல்வம் மேலே ஏறுகிறான். கோட்டருகே நின்று கோச் கையை ஆட்டி ஏறச் சொல்வதும் தெரிகிறது. ஆனால் அவன் விட்ட இடத்துக்கு யாரும் வரவில்லை. எதிரணி அந்த வழியாகத்தான் நுழைந்தது. தள்ளச் சொன்னதால் தள்ளியவன் மாரிசெல்வம். கதவை இறக்க வேண்டியவர் வேறொருவர். சேக் முகைதீன் ஐந்து மாதமாகத் தள்ளியவனைத் திட்டியிருந்தார்.

சாயங்காலம் இருளம்மாள் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் அவரே எதிரே போய் அழைத்துவந்தார். ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"அக்கா, ஒங்க மவன் நல்ல ஆட்டக்காரன். தப்பு அவன் மேல இல்ல. இன்னொண்ணும் சொல்லணும். ஊரு பூரா அவன ஒரு பேரு சொல்லுதுல்லா. அத வச்சது நான்தான்."

இருளம்மாள் பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"சத்திரம்னு சொன்னது நீங்களா?"

"நான்தான்."

"கம்பெனில எம் முன்னாடியே அதச் சொல்லிச் சிரிச்சாளுக பாய். என்னன்னு தெரியாம நானும் கூடச் சேந்து சிரிச்சேன். பொறவுதான் ஒருத்தி சொன்னா."

கௌதம்ராஜ் அடுப்பைக் கிளறுவதுபோல உள்ளே போய்விட்டான். சேக் முகைதீனுக்குத் தலை நிமிரவில்லை. "என்ன மன்னிச்சுக்கிடுங்கக்கா" என்றார்.

"எங்கிட்ட கேட்டு என்ன செய்ய?" அவள் போனை எடுத்து அழுத்தினாள். "ஏலே செல்வம், இங்கன ஒருத்தர் ஒங்கிட்ட பேசணும்ங்காரு" என்று நீட்டினாள்.

சேக் முகைதீன் ஸலாம் சொல்லி வாயெடுத்ததுமே அந்தப் பக்கம் பையன் சொன்னான்: "ஏழு நிமிஷப் பாயா? இந்தக் குரல் எனக்குத் தெரியும்."

"கேப்பியா நீ?"

"எல்லாத்தையும் கேப்பேன். நம்ம ஊருப் பேச்சுல ஆட்டத்தப் பேசுத ஆளு வேற யாரு இருக்கா? நீங்க சத்திரம்ன பொறவு எனக்கு மேல ஏறவே கால் வரல பாய். கோச் ஏறுங்காரு, எனக்கு முதுகுக்குப் பின்னால ஒங்க குரல்தான் கேக்குது. ஏறலன்னுதான் ரெண்டு ஆட்டம் வெளிய ஒக்கார வச்சாங்க. நாளைக்கு ஆட்டம் முடிஞ்சதும் பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டாச்சு."

பூட்டுப் போட்டாச்சு என்று தான் மார்தட்டியது சேக் முகைதீனுக்கு நினைவு வந்தது. பார்த்ததைப் பார்த்தபடி சொன்னார். வலது பக்கம் என்ன நடக்கிறது, தோம்பா எத்தனை தடவை வந்து நின்றான், எத்தனையாவது நிமிஷத்தில் என்றெல்லாம் சொன்னார். "இடது பக்கமும் அவன் வருதாம்ப்பா. நாலு தரம் ஒன்ன நோக்கி வந்து, நீ ஏறலன்னதும் திரும்பிப் போயிருக்கான். நான் தப்பாப் பாத்துட்டேன். நீ ஏறு. ஒன் எடம் காலியா கெடக்காது."

"நாலு தரமா?" என்று பையன் கேட்டான்.

"நாலு. எண்ணியாச்சு."

"சரி பாய். அம்மாட்ட குடுங்க."

அன்றைக்கு நோன்பு திறந்ததும் சேக் முகைதீன் குழுவில் இதே செய்தியைத் தன் பெயரோடு பேசி அனுப்பினார். இரண்டே நிமிஷம்தான். யாரும் சிரிக்கவில்லை. 'பாய்க்கு நோன்பு மயக்கம்' என்று ஒருவர் எழுதினார். 'ஆட்டத்தைத் திரும்பப் பார்த்தேன், பாய் சொல்வது சரி' என்று இன்னொருவர் எழுதினார். அது போதும் என்று போனை வைத்துவிட்டார்.

ஞாயிறு ஐந்து மணிக்கு ஆட்டம். இருளம்மாளை அவர் கூப்பிடவில்லை; கூப்பிட வாயும் வரவில்லை. நாலே முக்காலுக்கு அவளாகவே சுந்தரபாண்டியத்திலிருந்து பஸ் ஏறி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். "வீட்டுல பாத்தா எது என்னன்னு சொல்ல ஆளில்ல" என்றாள். சேக் முகைதீன் டிவியை அவள் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

முதல் பாதியில் மாரிசெல்வம் ஏறவில்லை. இருளம்மாள் மகனைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. அவன் நின்றால் 'நிக்கான்' என்றாள், குனிந்தால் 'குனியுதான்' என்றாள். கௌதம்ராஜ், "அத்த, பந்தையும் கொஞ்சம் பாருங்க" என்றான். "அத நீ பாருப்பா" என்றாள்.

இரண்டாம் பாதியில், ஆளுக்கொரு கோல் என்றிருந்தபோது, மாரிசெல்வம் ஒரு தரம் பாதிவரை ஏறித் திரும்பிப் பார்த்தான். தோம்பா அவன் இடத்தில் நின்றான். அடுத்த தரம் முழுக்க ஏறினான். மூன்றாம் தரம் திரும்பிப் பார்க்கவே இல்லை.

பள்ளிவாசலில் நோன்பு திறக்கும் பாங்கு சொன்னார்கள். சேக் முகைதீன் ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். பள்ளியிலிருந்து தூக்குச்சட்டியில் வந்திருந்த கஞ்சியை ஒரு டம்ளரில் ஊற்றி இருளம்மாளிடம் நீட்டினார். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே வாங்கிக்கொண்டாள். அதே நேரம் மாரிசெல்வம் மேலே போன இடத்தில் பந்தைப் பறிகொடுத்தான். எதிரணிக்காரன் அதை அவன் விட்டுப்போன இடத்தை நோக்கி நீளமாக அடித்தான். இருளம்மாள் ஸ்டூலிலிருந்து பாதி எழுந்தாள்.

அங்கே தோம்பா நின்றுகொண்டிருந்தான். பந்தை நெஞ்சில் வாங்கிக் காலடியில் போட்டான். ஓடி வந்துகொண்டிருந்த மாரிசெல்வத்தைப் பார்த்துக் கையைக் காட்டினான், மெதுவாக வா என்பதுபோல.

"அவன் எடத்துல நிக்கானே, அது யாரு?"

"தோம்பான்னு பேருக்கா. மணிப்பூர்ப் பையன்."

"அது எங்க இருக்கு?"

"ரொம்பத் தூரம். நாலு நாள் ரயில்."

இருளம்மாள் கஞ்சியை ஒரு வாய் குடித்தாள். "அந்தப் பயலப் பெத்தவ நல்லா இருக்கணும்" என்றாள். பிறகு போனை எடுத்து, மில் சூப்பர்வைசருக்குச் சொல்லிவிடலாம் என்று நம்பரைத் தேடத் தொடங்கினாள்.