தலைகீழ் படம்

நான்கு மணிக்கு டாக்டரம்மாவின் பணி ஓய்வுப் பிரிவுபசார விழா. மூன்றரைக்குத்தான் அவர் கண்ணில் அந்தப் புள்ளி பட்டது. முந்தைய இரவு வானத்தை எடுத்த இரண்டு படங்களிலும் இருந்தது. நட்சத்திரங்களுக்கு நடுவே கொஞ்சம் நகர்ந்தும் இருந்தது.

வால்நட்சத்திரம்!

"அண்ணி, அறிவிச்சிடலாம்" என்றார் இயக்குநர். டாக்டரம்மாவின் கணவருக்குத் தம்பி. "கீழே நிருபர்கள் வந்தாச்சு. அஞ்சு மணிக்கு மேல நீங்க வெறும் அண்ணி. அதுக்கு உங்க பேரு வைக்க இதான் கடைசி சான்ஸ்."

"தலைகீழ் படம் எங்கே?"

"மேகம் வந்துடுச்சு. எடுக்கல."

அந்த வானாய்வகத்தின் முதல் பெண் விஞ்ஞானி டாக்டரம்மா. சேர்ந்த வருடமே புது நட்சத்திரம் கண்டுபிடித்தார், பத்திரிகைகள் கொண்டாடின. மறுவாரம் அது கேமரா கண்ணாடித் தூசி என்று தெரிந்தது. 'துடைப்பம்மா' என்று பட்டப்பெயர் வைத்துச் சிரித்தார்கள். அன்று பிடித்த பிடிவாதம்: எதைக் கண்டாலும் கேமராவைத் தலைகீழாகத் திருப்பி இன்னொரு படம். வானம் திரும்பும், தூசி மட்டும் படத்தில் இருந்த இடத்திலேயே இருக்கும்.

இப்போதோ வெளியே பட்டப்பகல். டாக்டரம்மா போனை எடுத்தார். பூமிக்கு அந்தப் பக்கம் இரவு. அங்கே ஒரு வானாய்வகத்தில்தான் அவருடைய பரம எதிரி இருந்தார். ஏற்கெனவே இரண்டு வால்நட்சத்திரங்களில் அவரை முந்தியவர்.

"அந்தாளுக்கா? தாரை வார்த்துட்டு வெறுங்கையோட நிக்கப் போறீங்களா?" என்று பதறினார் இயக்குநர்.

"நின்னா நின்னுட்டுப் போறேன். இன்னொரு தடவை தூசியோட நிக்க மாட்டேன்." எதிரியிடம் புள்ளி இருந்த இடத்தைச் சொல்லி, படமெடுத்துப் பார்க்கச் சொல்லிவிட்டு வைத்தார்.

நான்கு பத்து. கீழே மைக் கரகரத்தது. இயக்குநர், அண்ணி பேசுவதற்கென்று தானே எழுதிய 'என் பணியில் கற்ற பத்துப் பாடங்கள்' தாளை அவர் கையில் திணித்தார். போன் அடித்தது.

"நீங்க சொன்ன இடத்துல ஒண்ணுமே இல்லையேம்மா."

டாக்டரம்மா நேற்றைய இரண்டு படங்களையும் மறுபடி இழுத்துப் பார்த்தார்.

"நேத்து இருந்த இடத்தைக் கொடுத்தா? உங்களுக்காக அங்கேயே உட்கார்ந்திருக்குமா? ரெண்டு விரற்கடை தள்ளி, ஜம்முனு இருக்கு. தலைகீழாவும் எடுத்துட்டேன். உங்ககிட்ட திருடின வித்தைதான். வால்நட்சத்திரம் பதிவு பண்றவங்களுக்கு, பேரு உங்களோடதுன்னு எழுதி அனுப்பியாச்சு."

"துடைச்சீங்களா?"

"ரெண்டு தடவை."

படியிறங்கி மைக் முன் நின்றார். தாளைப் பார்த்தார். ஓர் எழுத்தும் பிடிபடவில்லை.

"அண்ணி, தாள் தலைகீழா இருக்கு" என்று கிசுகிசுத்தார் இயக்குநர்.

"தெரியும் தம்பி. அதான் முதல் பாடம்."