வெட்டக் கொடுத்த ராணி

எங்கள் வீட்டில் செஸ் போர்டு ஃபிரிட்ஜின் மேல் இருக்கும். ஒரு நாளைக்கு ஆளுக்கு ஒரு நகர்த்தல்தான். எனக்குக் காலை ஷிப்ட், என் கணவன் சுபாஷுக்கு மதிய ஷிப்ட். ஒரகடத்திலிருந்து நான் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கும்போது அவன் ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்டரி லைனில் வேலையில் நின்றுகொண்டிருப்பான். முழுசாக முகம் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்.

அந்த ஞாயிறுகளும் சண்டையில் போயின. அவனுக்கு ஓசூரில் சூப்பர்வைசர் வேலை வந்திருந்தது. எனக்கோ, கான்ட்ராக்டில் வருடக்கணக்காக இழுபட்டு இப்போதுதான் பர்மனென்ட் ஆகியிருந்தது. பேசி அலுத்துப்போய் அவன்தான் சொன்னான்: "ஒரு ஆட்டம் போடலாம் வாணி. தோத்தவங்க ஜெயிச்சவங்க சொல்றத கேக்கணும்." எனக்கும் வாய் வலித்ததால் தலையாட்டிவிட்டேன்.

வெள்ளைக் காய் அவனுக்கு. திங்கட்கிழமை தொடங்கினோம். வெள்ளிக்கிழமை வந்து பார்த்தால், அவன் ராணிக்கு மறைப்பாக நின்ற குதிரை அங்கே இல்லை. என் சிப்பாயை வெட்டிவிட்டு நடுவில் உட்கார்ந்திருந்தது. என் பிஷப்புக்கும் அவன் ராணிக்கும் இடையே ஒன்றுமே இல்லை.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. வாயால் சொல்ல வெட்கப்பட்டு, ராணியைக் கொடுத்துத் தன் தோல்வியைச் சொல்கிறான் என்று நினைத்தேன். கைகால் கழுவி முதல் வேலையாக அவனுக்குப் பிடித்த நெத்திலிக் கருவாட்டுக் குழம்பை அடுப்பில் ஏற்றினேன். அது கொதிக்கும் நேரத்தில் ராணியை வெட்டப் போனேன். பிஷப்பைத் தொட்ட விரல் அப்படியே நின்றுவிட்டது.

சுபாஷ் ஒரு சிப்பாயைக்கூடச் சும்மா விடாதவன். பொறுமை கிடையாது, ஏழே நகர்த்தலில் எதிரியை முடிப்பது எப்படி என்று பஸ்ஸில் வீடியோ பார்க்கிறவன். நான் ராணியை வெட்டினால் அவன் பிஷப் செக் வைக்கும். என் ராஜாவுக்கு ஒரு கட்டம் முன்னே வருவதைத் தவிர வழியில்லை. வந்ததும் அவனுடைய இன்னொரு குதிரை பாயும். அதோடு மேட்.

அவன் விட்டுக்கொடுக்கவில்லை. நான் ஆசைப்பட்டு வெட்டுவேன் என்று நம்பியிருக்கிறான். நேராக ஆடி என்னைத் தோற்கடித்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

பாவி, அந்த வித்தையைப் பாதிதான் கற்றிருந்தான்; நடுவில் வந்த குதிரையை என் குதிரை வெட்ட முடியும் என்பதைக் கவனிக்கவில்லை. நான் ராணியைத் தொடவில்லை. என் குதிரையால் அவன் குதிரையை வெட்டினேன். அவனுக்கு ஒரு காய் போயிற்று.

சனிக்கிழமை அவன் காய் எதையும் நகர்த்தவில்லை. ஞாயிறு காலை போர்டின் முன் வந்து உட்கார்ந்தான்.

"ராணிய இன்னாத்துக்கு எடுக்கல?"

"எடுத்திருந்தா?"

"சீக்கிரம் முடிஞ்சிருக்கும். தெனமும் இத பாத்துகினு இருக்க வேணாமேன்னுதான்..."

"எனக்கோசரம் நீ குடுத்துட்டன்னு நெனச்சேன் சுபாஷ். சந்தோசத்துல கொழம்புலாம் வெச்சேன்."

அவன் போர்டைப் பார்த்தபடியே, "ஆட்டம் இன்னும் முடியல. நீதான் முன்னாடி கீற. ஆடு," என்றான்.

ஜெயிக்கிற ஆட்டம்தான். ஆனால் என் வேலையை நான் ஏன் அவனிடமிருந்து ஜெயித்து வாங்க வேண்டும்? காய்களை ஒவ்வொன்றாக டப்பாவில் போட்டேன்.

"நான் ஓசூர் வரல. வேலைய வுட மாட்டேன்."

இத்தனை நாள் சண்டையில் இதை மட்டும் நான் இப்படிச் சொன்னதே இல்லை.

"அப்போ நான்?"

"அத நீதான் சொல்லணும். வாயால சொல்லு."