நகல் எடுக்காத எடை

உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது அவளுக்கு. ஆஸ்பத்திரியில் நோயாளியின் எடைக்கேற்ப ஊசி மருந்து ஏற்றும் பம்பை இயக்கும் நிரலில் அவள் எழுதியிருந்த ஒரு வரியைக் காணோம். தூக்கியவன் அவளுடைய குழுத்தலைவன். எதையும் வேகமாக்குகிறேன் பேர்வழி என்று அலைவதால் ஆபீசில் அவனுக்குப் புயல் என்று பெயர்.

அந்த வரி செய்த வேலை சின்னதுதான். நிரலின் மேல்பகுதியான ஸ்கிரிப்டில் இரண்டு மாறிகள், அதாவது மதிப்பை வைத்திருக்கும் இரண்டு பெயர்கள், ஒரே மதிப்பைப் பங்குபோட்டுக்கொண்டிருக்கும். ஒன்றை மாற்றப்போனால் ஸ்கிரிப்டே தனி நகல் எடுத்துக் கொடுத்துவிடும். சி மொழியில் எழுதி அதோடு சேர்த்த பகுதிக்கு அப்படிக் காவல் கிடையாது. அது நேரே நினைவகத்தில் கைவைக்கும். முதலில் நகல் எடுக்க வேண்டியது எழுதுகிறவர் பொறுப்பு; அவளுடைய வரி செய்தது அதைத்தான். நகலைத் தூக்கி எறிந்துவிட்டு மதிப்பை மாற்றினால், பங்காளியின் சொத்திலும் கைவைத்த மாதிரி.

அப்படித்தான் ஆனது. பம்புக்குப் பவுண்டு கணக்கில் எடை வேண்டும். இருபது கிலோவை அந்த சி பகுதி நாற்பத்துநான்கு பவுண்டாக்கியது. ஸ்கிரிப்ட் வைத்திருந்த எடையும் கூடவே நாற்பத்துநான்கு ஆகிவிட்டது. முதல் ஊசி சரியாகப் போனது. அடுத்த ஊசியை நாற்பத்துநான்கு கிலோ ஆளுக்கென்று கணக்குப் போட்டது மெஷின். ஒரு குழந்தை சாவின் வாசல்வரை போய்த் திரும்பியது. பழி, எடையைப் பதிந்த நர்ஸ் தலையில். அந்த நர்ஸ் இவளுடைய சொந்தத் தங்கை. இன்று விசாரணை. தப்பு தங்கையுடையது என்று முடிவானால் இனி எந்த ஆஸ்பத்திரியும் அவளைச் சேர்க்காது.

"அந்த வரிய ஏன் சார் எடுத்தீங்க?"

"ஒவ்வொரு தடவையும் நகல் எடுத்தா லேட் ஆகுதும்மா. டெமோ எப்படிப் பறந்துச்சு பாத்தியா?" என்றான் புயல், வாய் கூசாமல். "குழந்தை இப்ப நல்லாத்தான் இருக்கு. அடுத்த வெர்ஷன்ல சத்தமில்லாம சரி பண்ணிடலாம். உன் தங்கச்சி விஷயம் கொஞ்ச நாள்ல ஆறிடும்."

"ஆறிப்போறதுக்கு அவ என்ன காப்பியா சார்?"

விசாரணைக்குக் கம்பெனி சார்பில் அவனும் போக வேண்டியிருந்தது. அவன் காரிலேயே லேப்டாப்போடு ஏறி உட்கார்ந்தாள். இறங்கச் சொன்னான். அவள் சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள்.

விசாரணை அறையில் நீள மேஜை, சுவரில் திரை. தங்கை ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. அக்கா யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. லேப்டாப்பைத் திரையோடு இணைத்து, தங்கை பக்கம் தள்ளினாள்.

"அன்னிக்குப் போட்ட மாதிரியே போடு."

தங்கை இருபது என்று அடித்தாள். முதல் ஊசிக்கு எடை இருபது. அடுத்ததற்கு, யார் கையும் படாமல், நாற்பத்துநான்கு. அக்கா அந்தப் பழைய வரியைத் திரும்பச் சேர்த்து மறுபடி ஓட்டினாள். இரண்டு முறையும் இருபது.

"இது ஒரு டெக்னிக்கல்..." என்று பூசி மெழுக ஆரம்பித்தான் புயல்.

"இந்த வரிய எடுத்தது இவர்தான்," என்றாள் அக்கா.

விசாரணையை நடத்திய பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி தங்கையைப் பார்த்தார். "சரிம்மா, நாளைலேர்ந்து நீ வேலைக்கு வரலாம்."

தங்கை எழுந்தாள். "அந்தக் குழந்தையோட அம்மா, என் புள்ளய கொல்லப் பாத்தியேடின்னு வார்டு நடுவுல நின்னு கத்தினாங்க. அவங்ககிட்ட யார் சொல்லப் போறீங்க?"

எல்லோரும் மேஜையைப் பார்த்தார்கள்.

"நான் சொல்றேன், வா," என்றாள் அக்கா.

"நீ வேணாம்க்கா. தங்கச்சிக்காகப் பேசுறேன்னு நினைப்பாங்க." தங்கை புயலைப் பார்த்தாள். "அந்த வரிய எடுத்தவர் வந்து சொல்லட்டும். வார்டு ரெண்டாவது மாடி. அவங்க இன்னும் அங்கதான் இருக்காங்க."

போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். புயல் அசையவில்லை.

"எழுந்திருங்க," என்றார் பெரிய டாக்டர்.