பின்னறைக்கு வரி

வீட்டுக்கு வரி போட நகராட்சியிலிருந்து ஆள் வருகிறது என்று தெரிந்ததும் என் வீட்டுக்காரர் சிவகுரு செய்த முதல் வேலை, பின்னறைக் கதவை மறைத்து விறகு அடுக்கியதுதான். பால் காய்ச்சிக் குடிவந்து பதினோரு நாள்கூட ஆகவில்லை. பெயின்ட் வாசம் போகாத சுவரில் ஈர விறகைச் சாய்த்தால் எனக்கு எப்படி இருக்கும்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதை வேறு.

"ஏங்க, எதுக்கு இந்தக் கூத்து? வரி கூடுனா கூடட்டுமே."

"வரி கெடக்குது பேச்சி. டேப்போட வர்றவங்க எதுக்கு வருவாங்கன்னு எனக்குத் தெரியும். நீ வாய மூடிட்டு இரு."

கோபம் வந்தது. அடக்கிக்கொண்டேன், ஏனென்றால் எனக்கும் தெரியும். முப்பத்திரண்டு வருஷம் தேயிலை எஸ்டேட் லயத்தில், கம்பெனி கொடுத்த வரிசை வீட்டில், பத்துக்குப் பன்னிரண்டு அறையில் குடியிருந்தோம். மகள் பத்தாவது படிக்கும்போது, அவள் தனியாக உட்கார்ந்து படிக்கட்டும் என்று பின்பக்கம் நாலு தகரம் வைத்து ஒரு சாய்ப்பு இறக்கினார். மூன்றாம் நாள் ஆபீஸிலிருந்து இரண்டு பேர் டேப்போடு வந்து அளந்தார்கள். சாயங்காலம் நாங்கள் கொழுந்தை எடை போட்டுவிட்டு வருவதற்குள் நாலு தகரமும் ரோட்டில் கிடந்தன. கம்பெனி இடத்தில் ஒரு சாண்கூடக் கூட்டக் கூடாதாம். மனுஷன் குனிந்து தகரங்களைப் பொறுக்கினார்.

ரிட்டயர் ஆனால் லயத்தைக் காலி செய்ய வேண்டும். அதற்குப் பயந்துதான் இருபது வருஷம் சீட்டுக் கட்டி, நெல்லியாளத்தில் மூன்று சென்ட் வாங்கி இந்த வீட்டை எழுப்பினோம். பிளானுக்கு அலைந்ததெல்லாம் மேஸ்திரி. அவர் காட்டிய இடத்தில் நாங்கள் கையெழுத்துப் போட்டதோடு சரி.

வந்தது ஒரு பெண். ரேணுகா என்று பேர் சொன்னாள். முன்னறையை அளந்தாள், சமையலறையை அளந்தாள். டேப்பின் மறுமுனையை இவர் பிடித்துக்கொண்டார். பிறகு அவள் கையிலிருந்த பிளானைப் பார்த்தாள், விறகைப் பார்த்தாள்.

"அண்ணா, இங்க ஒரு ரூம் இருக்கணுமே?"

இவர் திருதிருவென்று முழித்தார். "தெரியாம கட்டிட்டேனுங்க. இடிக்க மட்டும் சொல்லிராதீங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சொந்த வீட்டில் நின்றுகொண்டு பேசுகிற பேச்சா இது?

ரேணுகாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "எதுக்குண்ணா இடிக்கணும்? உங்க பட்டா இடம். அப்ரூவல் ஆன பிளான்லயே இந்த ரூம் இருக்குதுங்களே. இதையும் சேர்த்து அளந்தா அரை வருஷத்து வரி கொஞ்சம் கூட வரும், அவ்வளவுதான்."

"வரி கட்டிட்டா ரூமு நிக்கலாமுங்களா?"

"கட்டாட்டியும் ரூம் உங்களுதுதானுங்க. ஆனா மறக்காம கட்டிருங்க" என்று சிரித்தாள்.

இவர் சிரிக்கவில்லை. விறகை வாரி வாரி வெளியே எறிந்துவிட்டுக் கதவைத் திறந்தார்.

"பதினொண்ணுக்குப் பத்து" என்று எழுதினாள் ரேணுகா. "பதினொண்ணுக்குப் பத்து" என்று இவரும் மெதுவாகச் சொன்னார், கோயிலில் பூசாரி சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்வதுபோல. அந்த அறைக்கு மண் சுமந்தவள் நான். கல் ஒவ்வொன்றும் எனக்குத் தெரியும். இருந்தும் அன்றைக்குத்தான் முதல்முறை பார்ப்பதுபோல் மலைத்துப்போய் நின்றேன். இவ்வளவு பெரிய அறையா? எங்களுடையதா?

அதற்குப் பிறகு இவரைப் பிடிக்க முடியவில்லை. "குளிக்கிற ரூமு இருக்குதுங்க, வாங்க. இந்தப் பரணையும் பாத்துருங்க" என்று அந்தப் பெண்ணை இழுக்காத குறை. கடைசியில் அவள் பையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போதும் டேப்பின் முனையை விடாமல் வாசலில் குத்தவைத்து உட்கார்ந்தார்.

"அண்ணா, அது படிக்கட்டுங்க. அதுக்கெல்லாம் வரி இல்ல."

"வரி இல்லாட்டிப் போகுதுங்க" என்று முனையைப் படியில் அழுத்திப் பிடித்தார். "எத்தன அடின்னு மட்டும் சத்தமாச் சொல்லுங்க."