ஒரே சிலேட்டு

ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவளைச் சிட்டு என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். கை அவ்வளவு வேகம். அந்த வேகமே இப்போது அவள் வேலைக்கு உலை வைத்துவிடும் போலிருந்தது. குழந்தைகள் வார்டுக்குப் போக வேண்டிய ரிப்போர்ட், ஒரே மாதத்தில் மூன்று தடவை எலும்பு வார்டில் போய் விழுந்திருந்தது. மூன்றும் அவள் அனுப்பியவை. மூன்று மணிக்கு விசாரணை.

ரிப்போர்ட் அனுப்பும் புரோகிராமை எழுதியவள் மாடியில் இருக்கும் கம்ப்யூட்டர்காரி. ‘புரோகிராமில் தப்பு இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கச் சொல்லியிருந்தார் மேனேஜர். எழுதிவிட்டாள். கையெழுத்துப் போடத்தான் பேனா நகரவில்லை. மற்றவர்கள் அனுப்பினால் ஒழுங்காகப் போவது, சிட்டு அனுப்பினால் மட்டும் ஏன் தடம் மாறுகிறது? காகிதத்தை மடித்துக்கொண்டு கீழே இறங்கினாள்.

“என்னக்கா, கைரேகை பாக்க வந்தீங்களா?” என்றாள் சிட்டு. வாய்தான் சிரித்தது. கண் வீங்கியிருந்தது.

“நீ பாட்டுக்கு வேலையப் பாரு. நான் சும்மா உக்காந்திருக்கேன்.”

சிட்டு இரண்டு ரிப்போர்ட்டைத் தேர்ந்தெடுத்தாள். முதலாவது குழந்தைகள் வார்டுக்கு, அடுத்தது எலும்பு வார்டுக்கு. பட்டனை ஒரே ஒரு தடவை தட்டி இரண்டையும் அனுப்பினாள்.

“ரெண்டையும் சேத்தா அனுப்புவே?”

“அதுலயே அப்பிடி ஒரு பட்டன் இருக்கேக்கா. யாரும் தொடறதில்ல. இந்த மாசந்தான் அவசரத்துக்கு மூணு நாலு தடவ நான் தொட்டேன்.”

கம்ப்யூட்டர்காரி எலும்பு வார்டுக்குப் போன் போட்டாள்.

“ரெண்டு வந்திருக்கும்மா. ஒண்ணு யாரோ நாலு வயசுக் குழந்தையோடது.”

போனை வைத்துவிட்டு, தான் எழுதிய புரோகிராமைத் திறந்து பார்த்தாள்.

கம்ப்யூட்டருக்கு வார்டு என்றால் என்ன தெரியும், கண்ணுகளா? அதற்கு எண்தான் விலாசம். பேரைச் சொன்னால் எண்ணைத் தேடித் தர, புரோகிராமுக்குள் ஒரு சின்னத் துண்டு உண்டு; ஃபங்ஷன் என்பார்கள். பழைய ஃபங்ஷன். அதன் கையில் ஒரே ஒரு சிலேட்டுதான். விடையை அதில் எழுதி, “அதோ இருக்கு” என்று காட்டும். இன்னொரு பேரைக் கேட்டால், அழித்துவிட்டு அதிலேயே எழுதும். முதல் விடையை நாம்தான் உடனே குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். ஏழு வருஷத்துக்கு முன்னால் புரோகிராமை எழுதியபோது, கம்ப்யூட்டர்காரி அப்படிக் குறித்து வைக்க மறந்திருந்தாள். ஒவ்வொன்றாக அனுப்பியவரைக்கும் அது வெளியே தெரியவில்லை. சேர்த்து அனுப்பினால், இரண்டுமே சிலேட்டில் கடைசியாக எழுதிய எண்ணுக்குப் போய்விடும்.

“உன் கையில தப்பில்ல சிட்டு. என் கையிலதான்.”

“இதச் சொன்னா உங்க வேலை என்னக்கா ஆகும்?”

“அது கிடக்கட்டும். முதல்ல அந்தக் குழந்தையோட ரிப்போர்ட்ட அனுப்பு. தனியா!”

காகிதத்தை விரித்து, ‘இல்லை’ என்பதை மட்டும் அடித்தாள். கீழே, ‘தப்பு என்னுடையது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். இந்தத் தடவை பேனா தயங்கவில்லை.

மூன்று மணிக்கு, மேனேஜர் அறை வாசலில் சிட்டு அவள் கையைப் பிடித்தாள். “ரெண்டு பேரும் சேந்து போறோமே, இடம் மாறிட மாட்டோமே?”

மேனேஜர் காகிதத்தை இரண்டு தடவை படித்தார். “நீ போய் வேலையப் பாரும்மா” என்றார் சிட்டுவிடம். மற்றவளிடம், “நீங்க உக்காருங்க.”

சிட்டு போகவில்லை. இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.